ஒன்பது தடவை கேட்ட பேச்சு

மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர் தேர்தல். ஒரு மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்று வந்த ராக்கம்மாவிடம், வாக்குச்சாவடி அதிகாரி சொன்னாள்: "உங்க மனசுல யாருன்னு பார்த்து, உங்க போனே காலையில ஓட்டைப் போட்டுருச்சும்மா."

"யாருக்கு?"

"இப்ப பதவியில இருக்கிற மாணிக்கவாசகத்துக்கு."

ராக்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மில்லுல பாய்லர் வெடிச்சு எம் மவன் செத்தான். அந்தக் கேசை இழுத்து மூடினவனுக்கா நான் ஓட்டுப் போடுவேன்?"

"போன்ல அவர் பேச்சை மட்டும் ஒன்பது தடவை முழுசா கேட்டிருக்கீங்களே."

"ஒரு தடவையாச்சும் எம் மவன் பேரைச் சொல்லுவானான்னு கேட்டேன் தாயி!"

"அதெல்லாம் இதுல வராதும்மா. விரலை நீட்டுங்க, மை வைக்கணும்."