சனிக்கிழமைக்குள் ஓர் அறை

"இன்னும் கொஞ்சம் பலமா அடிங்க, அபாங். சனிக்கிழமைக்குள்ள இந்த ரூம் தயாராகணும்" என்றாள் ஐனி.

அவள் ‘அபாங்’ என்று கூப்பிடும் கணவன் ஷுக்ரி சுத்தியலை ஓங்கி உளியின் தலையில் போட்டான். தரையிலிருந்து ஒரு டைல் பெயர்ந்து வந்தது. நெற்றியைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அடுத்த டைலுக்கு நகர்ந்தான்.

சனிக்கிழமை அவனுடைய பெரியம்மா மக் லோங் மூவாரிலிருந்து கணவரோடு காரில் வருகிறார். "அந்தப் பக்கம் வர்றோம், வாழைப்பழ பஜ்ஜி சுட்டு வைங்க" என்று போனில் சொன்னதிலிருந்து இவர்கள் இருவருக்கும் கை ஓயவில்லை.

ஐனி ஏணியில் ஏறி, சீலிங்கில் பிரஷ்ஷால் எதையோ தீற்றினாள். "கலர் சரியா இருக்கா பாருங்க."

"வெளுப்பா இருக்கு. இன்னும் கொஞ்சம் டீத்தூள் போட்டுக் கொதிக்க வை."

அவள் கையிலிருந்த வாளியில் பால் விடாத டீ. காய்ந்தால், மழை ஒழுகி ஒழுகிப் பிடித்த கறை மாதிரியே இருக்கும்.

உண்மையில் அந்த அறை எப்போதோ தயாராகிவிட்டது. ஆள் வைக்காமல், செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, சண்டை போட்டுக்கொண்டே இருவரும் செய்து முடித்த அறை. டைல் பதித்தது ஐனி. அலமாரியும் பெயின்ட்டும் ஷுக்ரி. அவர்கள் ஊரான தைப்பிங்கில் அந்தத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இப்போது அதே கைகளால் அதைக் குட்டிச்சுவராக்கிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் இருந்தது. போன தடவை வந்தபோது, "மழை விட்டதும் கிளம்பிடறேன்" என்றார் மக் லோங். தைப்பிங்கில் மழை எந்தக் காலத்தில் விட்டது? வாரக்கணக்கில் இந்த அறையிலேயே தங்கிவிட்டார். அதற்குள் அடுப்படி தலைகீழாக மாறியது. மிளகாய்ச் சம்பலில் உப்பு, துணி காயப்போடும் விதம், எல்லாவற்றுக்கும் ஒரு குறை. சாப்பிட உட்காரும்போதெல்லாம், "இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லியா?" என்று ஒரு கேள்வி வேறு.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஐனி அழுததை ஷுக்ரி கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான். பெரியம்மாவை எதிர்த்துப் பேச அவனுக்கு வாய் வராது. ஆனால் சுத்தியல் பிடிக்க வரும். "ரூம்னு ஒண்ணு இருந்தாத்தானே தங்குவாங்க?" என்றது அவன்தான்.

"அந்த மூலையில இருக்கறத மட்டும் விட்டுடுங்க" என்றாள் ஐனி. "நான் முதல் முதல்ல பதிச்ச டைல்."

"விட்டுடறேன். அது ஏற்கெனவே கோணலாத்தான் இருக்கு."

ஈர பிரஷ் அவன் முதுகில் வந்து விழுந்தது. கட்டிலைக் கழற்றிக் கொல்லையில் போட்டார்கள். சன்னல் கண்ணாடிகளை உருவினார்கள். கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கார் வந்து நின்றது. மக் லோங் கைப்பையோடு மட்டும் இறங்கினார். பின்னாலேயே அவர் கணவர் பாக் லோங். கூடத்தில் உட்கார்ந்து பஜ்ஜியைக் கடித்த மக் லோங், "நல்லா மொறுமொறுன்னு இருக்கு, ஐனி" என்றார்.

ஐனிக்குக் காதை நம்ப முடியவில்லை.

"நாங்க இப்படியே அலோர் ஸ்டார் போறோம்" என்று தொடர்ந்தார் மக் லோங். "மக வீட்டுல ரூம் தயாரா இருக்கு. போன தடவ உன்ன ரொம்பப் படுத்திட்டேன்னு இவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அதான், ஒரு வாய் டீ குடிச்சிட்டு உன் முகத்தப் பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

ஷுக்ரியும் ஐனியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த அழகான டைல்கள்.

"அசர் தொழுதுட்டுக் கிளம்பிடறோம்" என்று எழுந்தார் மக் லோங். ஷுக்ரி பாய் விரிக்க ஓடுவதற்குள் அந்த அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

பாக் லோங் குனிந்து தரையை விரல் முட்டியால் தட்டினார். அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சும்மா உட்கார்ந்தே அலுத்துப்போன அந்த மனிதரின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"இவ்வளவு கஷ்டத்துல இருக்கீங்க" என்றார் மக் லோங். "ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நாங்களே சரி பண்ணிக்குவோம், மக் லோங்" என்றான் ஷுக்ரி அவசரமாக.

"நீங்க பண்ற லட்சணந்தான் தெரியுதே."

மக் லோங் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். "நாங்க இப்போதைக்கு வரல. இங்க புள்ளைங்க கூரை ஒழுகுற வீட்டுல கெடக்குதுங்க. எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் வருவோம்." பாக் லோங் அதற்குள் காரிலிருந்து பெட்டிகளை இறக்க ஆரம்பித்திருந்தார்.

ஐனி கடைசியாக ஒரு முயற்சி செய்தாள். "ஆனா நீங்க படுக்க இடமே இல்லியே, மக் லோங். கட்டிலைக்கூடக் கழட்டிப் போட்டுட்டோம்."

மக் லோங் அவள் கன்னத்தைப் பாசமாகத் தட்டினார்.

"அதுக்கென்ன? நாங்க உங்க ரூம்ல படுத்துக்கறோம்."