ஒரு புள்ளி மிச்சம்

பந்தை எடுக்க வலப்பக்கம் குனிந்த எப்சிபாவால் நிமிர முடியவில்லை.

வீல்சேர் சக்கரத்தைப் பிடித்து இழுத்துத்தான் உடம்பை நேராக்கினாள்.

"பட்டை தளர்ந்திருக்கும்க்கா," என்று பிசியோதெரபிஸ்ட் ஜெயசித்ரா ஓடி வந்தாள். எப்சிபாவின் மார்பைச் சுற்றியிருந்த சென்சார் பட்டையை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினாள். தீப்பெட்டி அளவுதான் அந்தச் சென்சார். வீல்சேரில் இருப்பவர் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறார், கையூன்றாமல் எவ்வளவு நிமிர்கிறார் என்பதையெல்லாம் லேப்டாப்புக்கு அனுப்பிவிடும்.

மறுபடி குனிந்தாள். மறுபடியும் சக்கரத்தைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

போன சீசனில் எடுத்த கோடு திரையில் நன்றாக ஏறி இறங்கியிருந்தது. இன்றைய கோடு அதற்குக் கீழே படுத்துக் கிடந்தது.

குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை வந்து, மைதானத்துத் தகரக் கூரையில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. குளிரில் உடம்பு விறைத்திருக்கும் என்று எப்சிபா நினைத்துக்கொண்டாள்.

பயிற்சியாளர் செல்லப்பா இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"ஏட்டி, எங்கன கத்துக்கிட்ட இந்த நடிப்ப? அடுத்த வாரம் சென்னையிலயும் இப்படியே சரிஞ்சு காட்டிரு. ஒரு புள்ளி நமக்கு மிச்சம்!"

வீல்சேர் கூடைப்பந்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. உடம்பு எவ்வளவு சொன்னபடி கேட்கிறதோ அவ்வளவு புள்ளி. களத்தில் இறங்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை பதினான்கைத் தாண்டக் கூடாது. எப்சிபாவுக்கு இதுவரை இரண்டு. சென்னையில் போட்டிக்கு முன் பரிசோதிப்பவர்கள் அதை ஒன்றாகக் குறைத்துவிட்டால், பெஞ்சில் இருக்கும் முத்துசெல்வி உள்ளே வந்துவிடலாம்.

முத்துசெல்விக்கு ஒரு கால் மட்டும்தான் இல்லை. குழுவிலேயே நன்றாக ஆடுகிறவள். அதனாலேயே புள்ளி அதிகம். கூட்டலுக்குள் அடங்காமல், போகிற ஊரிலெல்லாம் மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் நடிக்கல சார்," என்றாள் எப்சிபா.

"இதையேதான் அங்கயும் சொல்லணும்!"

செல்லப்பா அப்போதே போனை எடுத்து, சென்னையில் களமிறங்கும் ஐந்து பேரில் முத்துசெல்வியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். ஜெயசித்ரா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முத்துசெல்வி வீல்சேரை உருட்டிக்கொண்டு வந்து எப்சிபாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்காகத்தானக்கா சரிஞ்ச?"

எப்சிபா சரியவில்லை. உடம்பு தானாகச் சரிந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவள், அழுதுகொண்டே சிரிக்கும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, கன்னத்து ஈரத்தைத் துடைத்துவிட்டாள்.

அதற்குள் எவர்சில்வர் டம்ளர்களில் டீ வந்தது.

குளிருக்கு இதமாக இருக்கும் என்று இரண்டு கைகளாலும் டம்ளரைப் பொத்திப் பிடித்து ஒரு வாய் உறிஞ்சினாள். உதடு வெந்துவிட்டது.

சட்டென்று டம்ளரை விலக்கினாள். அதைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

விரல்களை இன்னும் இறுக்கினாள். டம்ளரின் வழவழப்பு தெரிந்தது. விளிம்பு தெரிந்தது. சூடு மட்டும் தெரியவில்லை.

ஆலங்குளம் ரோட்டில் அடிபட்டபோது அவளுக்கு விலாவுக்குக் கீழேதான் எல்லாம் போயிருந்தது. கைகள் தப்பியிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். உணர்ச்சி போன இடம் மேலே ஏறுகிற மாதிரித் தெரிந்தால், சூடு மட்டும் தெரியாமல் போனால்கூட, அன்றைக்கே வந்துவிட வேண்டும். ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது.

பக்கத்தில் முத்துசெல்வி தன் டம்ளரைத் தொட்ட வேகத்தில் கையை உதறி, விரல்களை ஊதினாள்.

"யம்மா, கொதிக்குது. நீ எப்படிக்கா பிடிச்சிருக்க?"

ஜெயசித்ரா தலை நிமிர்ந்தாள்.

"பழகிப்போச்சுட்டி," என்றாள் எப்சிபா.

டம்ளரைப் பக்கத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு, செக்கச் செவேலென்றிருந்த உள்ளங்கைகளை யாரும் பார்க்குமுன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.