வெட்டிய இடம்

தாராவி தொண்ணூறடி ரோட்டு மாடி அறையில் சண்முகவடிவு தன் முகத்தையே எடிட் செய்துகொண்டிருக்கிறாள். மீடியா பயிற்சிக்குக் கடைசி நாள். இங்கே வந்து என்ன கற்றோம், எப்படி வளர்ந்தோம் என்று பேசிய வீடியோவை அவரவரே சரிசெய்து மாலைக்குள் கொடுக்க வேண்டும். தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில் திரையில் விழுந்து அவள் நெற்றியை வெளுக்க வைக்கிறது. ஹெட்போனில் அவள் குரல், "கேமரா பிடிக்க, எடிட் பண்ண, நாலு பேரு முன்னால தைரியமாப் பேசக் கத்துக்கிட்டேன்" என்கிறது. வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அடுத்து என்ன?" என்கிறது கேள்வி. திரையில் இருக்கும் வடிவு வாய் திறக்காமல் துப்பட்டா நுனியை விரலில் சுற்றுகிறாள். கீழ்ப் பட்டறையில் தோல் தைக்கும் மெஷின் சத்தம் மட்டும் பதிவாகியிருக்கிறது. நாளையிலிருந்து அந்தப் பட்டறையில் ஒரு மெஷினில் அவளுக்கு வேலை. அப்பா பேசி முடித்துவிட்டார். அழுகை வருமா என்று பார்க்கிறாள். வரவில்லை. கீபோர்டில் கிடக்கும் பிஸ்கட் தூளை ஊதிவிடுகிறாள். திரையில் இருப்பவள் ஒருவழியாகச் சிரித்து, "மீடியாவுலதான் இருப்பேன்" என்கிறாள். பேச்சில்லாத இடத்தை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவன் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவான்; இது முதல் வாரத்துப் பாடம். வடிவு வெட்டுகிறாள். கேள்வியும் பதிலும் ஒட்டிக்கொள்கின்றன, வெட்டிய தடமே தெரியவில்லை. அவளோடு பயிற்சிக்கு வந்த பைசான் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "சலோ, முடிஞ்சிட்டுல்லா? நாளைக்கு எங்க போவ வடிவு?" என்று கேட்கிறான். அவள் ஹெட்போனைக் கழற்றி வைக்கிறாள். கீழே மெஷின் ஓடுகிறது.