இனிமே தபாலில்

1999, மாசி மாதம். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுத் தகரக் கூரையிலிருந்து பனிநீர் சொட்டுகிறது. உள்ளே பாய் விரித்திருந்தும் சேலத்து வைத்தியலிங்கம் வாசலிலேயே நிற்கிறார். கோயில் திருவிழாக்களில் டேப்பில் பிடித்த நாதஸ்வரக் கச்சேரிகளை சி.டி.யில் பதிந்து, அவரும் இந்த வீட்டுக் கருப்பண்ணனும் இரண்டு வருஷமாகத் தபாலில் மாற்றிக்கொள்கிறார்கள். நேரில் பார்ப்பது இன்றுதான். "எஸ்டேட் ஆபீஸ்னுதானே அட்ரஸ் இருந்துச்சு?" என்கிறார், ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளைப் பார்த்தபடி. "அங்க கம்ப்யூட்டர் வேலைங்க. ஊடு இதானுங்க," என்கிறான் கருப்பண்ணன். அவன் மனைவி அம்மணி புது டம்ளரில் காப்பி நீட்டுகிறாள். "பஸ் ஸ்டாண்டுலயே குடிச்சிட்டேன்," என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். கருப்பண்ணன் சி.டி.யைக் கொண்டுவருகிறான். ஒரு சின்ன வெட்டுச் சத்தம்கூட விழக்கூடாதென்று, மிகக் குறைந்த வேகத்தில் நான்கு முறை பதிந்து, முழுக்கக் கேட்டுத் தேர்ந்தெடுத்தது அது. "தவிலு நொம்பத் தெளிவா கேக்குமுங்க." கடிதத்துக்குக் கடிதம் 'அன்புத் தம்பி' என்று எழுதியவர், கைக்குட்டையை விரித்து, அவன் விரல் படாமல் அதில் வாங்கிக்கொள்கிறார். "அடுத்தது எப்பன்னு எழுதுங்க. இனிமே தபால்லயே அனுப்பிருங்க." இனி அனுப்புவதற்கில்லை என்று சொல்லத்தான் கருப்பண்ணன் வாயெடுக்கிறான். "சரிங்க," என்றுதான் வருகிறது.