காலியான முற்றம்

டாக்டர் மனைவியின் கழுத்தில் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டு, பார்லர் அக்கா கதவைத் தாழிட்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இன்னிக்கோட என் கொழுந்தன் கதை முடிஞ்சுது. கடைசி வேலை உங்க கையிலதான் இருக்கு."

"எனக்கு மனசே வரலைம்மா. பாவம், நல்ல பையன்."

"பாவமா? பேசாம அமுக்குங்க."

டாக்டர் மனைவி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். போனில்தான். 'உங்கள் கணக்கு புதிய இடத்துக்கு மாற்றப்பட்டது' என்று திரை சொன்னது. பார்லர் அக்கா திருப்தியாக டையைக் குழைக்க ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கொழுந்தன், 'முற்றம்' என்று தெருவுக்கே ஒரு சமூக வலைத்தளம் நடத்திவந்தான். விளம்பரம் கிடையாது, மேலே ஒரு முதலாளி கிடையாது. இதைப்போலத் தளங்களை ஓட்டும் சர்வர்கள் உலகம் முழுக்க எத்தனையோ. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், எதற்கும் எதுவும் அடிமையில்லை; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம்.

பார்லர் அக்கா போடும் கொண்டைகள் எல்லாம் அங்கேதான் படமாக வரும். அதைப் பார்த்துத்தான் கல்யாணப் பெண்கள் அவளைத் தேடி வருவார்கள்.

படம் போட்டதோடு நின்றாளா? ஜிம் மாஸ்டர் சட்டையில்லாமல் நிற்கிறான் என்று, தளத்தை நடத்துகிற கொழுந்தனுக்கு ஒரு புகார். பேக்கரிக்காரி தன்னைக் குத்திக்காட்டித்தான் கேக் படம் போடுகிறாள் என்று ஒரு புகார். பல் தேய்க்கும்முன் ஒன்று, படுக்கப் போகும்முன் ஒன்று. போதாததற்கு, பேக்கரிக்காரியின் புது ஹேர்கட்டை 'எலி கடிச்ச பன்' என்று எல்லாரும் பார்க்க எழுதிவைத்தாள்.

கொழுந்தன் அவள் கணக்கைத் தூக்கிவிட்டான்.

சண்டைக்குப் போனவளிடம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான்: "இங்க பிடிக்கலைன்னா தனியா ஒண்ணு ஆரம்பிச்சுக்கோங்க அண்ணி. இஷ்டப்பட்டவங்க அங்க வரட்டும். இதுல யாரும் யாரையும் கட்டிப்போட முடியாது."

சொந்த அண்ணி என்றுகூடப் பார்க்கவில்லையே! கல்யாணப் பெண்கள் எதிர் பார்லருக்குப் போக ஆரம்பித்ததும் அவள் வயிறு இன்னும் எரிந்தது. அவன் முற்றத்தில் ஒரு ஈ காக்கா மிஞ்சக்கூடாது என்று அன்றைக்கே முடிவுகட்டினாள்.

ஆனால் சர்வர் என்றால் ஹோட்டலில் காபி கொண்டுவருபவர் என்ற அளவில்தான் அவளுக்கு ஞானம். நல்லவேளையாக, சர்வர் நடத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்க இணையத்தில் ஒரு இடம் இருந்தது. அங்கே போய் அழுதாள். 'ஆமை' என்ற பெயரில் ஒருத்தி வந்தாள். ஒருத்தி என்று எப்படித் தெரியும்? இவ்வளவு பொறுமை ஆம்பளைக்கு ஏது என்பது பார்லர் அக்காவின் வாதம்.

எதை எங்கே டைப் அடிப்பது, எது சிவப்பாக வந்தால் பயப்படக்கூடாது, எல்லாம் ஆமை சொல்லிக்கொடுத்து, பார்லர் அக்காவுக்கென்று தனியாக ஒரு சர்வரும் எழுந்தது. 'அந்தத் திமிர் பிடிச்ச ஆளை விடாதீங்க அக்கா. ஒருத்தர் பாக்கியில்லாம இழுத்துக்கிட்டு வந்துடுங்க' என்று ஏற்றிவிட்டதும் அவள்தான்.

ஆளை இழுக்கும் வரிசையைக்கூட ஆமையே போட்டுக்கொடுத்தாள். 'முதல்ல ஜிம் மாஸ்டர். அவர் பின்னாடியே பாதித் தெரு வந்துடும். டாக்டர் வீட்டம்மா கடைசியில. அவங்களுக்கு வாய் நிக்காது.' என்ன மூளை என்று பார்லர் அக்கா வியந்துபோனாள்.

பேக்கரிக்காரியிடம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு இழுத்துவந்தாள். பழி என்றால் சும்மாவா?

கதவு தட்டப்பட்டது. திறந்தாள். கொழுந்தன். கண்ணுக்குக் கீழே கருவளையம், கசங்கிய சட்டை.

"வாங்க ராஜா! ஆளில்லாத அரண்மனையில பொழுது போகலையா?"

"முற்றத்துல என்னைத் தவிர யாருமே இல்லை அண்ணி. மூடிடலாம்னு இருக்கேன்."

"மூடு. இந்த மூஞ்சியைப் பாக்கத்தான் நான் இத்தனை நாள் ராப்பகலா உக்காந்து பாடம் படிச்சேன்!"

அவன் காலியாக இருந்த நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அடி பலமாகத்தான் விழுந்திருக்கிறது என்று அவளுக்கு உள்ளம் குளிர்ந்தது.

அப்போது அவள் போன் அடித்தது. பேக்கரிக்காரியின் புகார்: ஜிம் மாஸ்டர் தன் கேக்கைப் பார்த்து 'கொழுப்பு' என்று எழுதிவிட்டானாம். மறுபடி அடித்தது. ஜிம் மாஸ்டரின் புகார்: பேக்கரிக்காரி தன்னைக் கொழுப்பெடுத்தவன் என்றுவிட்டாளாம்.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு வருது?"

"நீதானேம்மா இப்ப நடத்துற?" என்றாள் டையோடு உட்கார்ந்திருந்த டாக்டர் மனைவி. "நானும் இப்பதான் ஒண்ணு அனுப்பினேன். பாத்தியா?"

"நாளைக்குப் பாக்கறேன்."

"நாளைக்கா! உன் கொழுந்தன்னா உடனே பாப்பானே?"

போன் நிற்பதாக இல்லை. தெருவே வரிசையில் நின்றது. பார்லர் அக்கா டை ஒட்டிய விரலோடு அவசரமாக ஆமைக்கு எழுதினாள்: 'புகாரா கொட்டுது. எப்படி நிறுத்தறது? சீக்கிரம் சொல்லு.'

சாய்ந்திருந்தவனின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தான். சோம்பல் முறித்தான்.

"ஆமை இன்னியோட ரிட்டயர்ட் அண்ணி."