மொட்டைத் தூண்கள்

ஊர் முகப்பில் இரண்டு தூண்கள் மொட்டையாக நிற்கின்றன. அவற்றின்மேல் வளைவு எழுப்பி, ஊராட்சித் தலைவி முப்பிடாதியின் பெயரைப் பெரிதாகப் பொறிப்பதாக இருந்தது. அதற்குள், வசூல் இல்லையென்று ஊரின் ஒரே பேருந்தை நிறுத்தப்போவதாகக் கடிதம் வந்தது. வளைவுக்கு ஒதுக்கிய பணம் பேருந்தின் நட்டத்தை ஈடுகட்டப் போகட்டும் என்று அவளே தீர்மானம் கொண்டுவந்தாள். அவள் கணவன் சுப்பையாவைத் தவிர ஊரே கை தூக்கியது.

பேருந்தை நினைத்துப் பார்க்காமல் தூண்களை நெருக்கி எழுப்பிவிட்டிருந்தார் கொத்தனார். அதனால் தினமும் காலையில் பேருந்து அங்கே நின்று, இரு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கிக்கொண்டு, கோயிலுக்குள் நுழையும் பெரிய மனிதர் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வதுபோல அடக்கமாக உள்ளே வரும். முப்பிடாதிதான் எதிரே நின்று கை காட்டுவாள்.

"ஒம்பேரு இருக்கவேண்டிய எடத்துல காக்கா உக்காந்திருக்கு, பாத்தியா?" என்றான் சுப்பையா, இன்றும் விடாமல்.

அவள் திரும்பவில்லை. பேருந்தின் நெற்றியில் ஊரின் பெயர், மஞ்சள் எழுத்தில், தூண்களுக்கு நடுவே மெல்ல அசைந்து வந்தது.

"அந்தா வருதுல்லா பேரு," என்றாள். கைகளை இன்னும் உயர்த்தி, "வரட்டும், வரட்டும்" என்று பின்னோக்கி நடந்தாள்.