பத்து கிலோ குழாய்

பாரிவாக்கத்தில் அக்கா வீட்டு முன்கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் தகர இடுக்கு வழியாகக் கோடுகோடாக விழுகிறது. லோகேஷ் மாமா வெள்ளை பிவிசி குழாயைச் சுவரோடு கிளாம்ப் அடித்து முடித்துவிட்டு, புது கம்ப்ரசரின் சுவிட்சைப் போடுகிறார். அந்தக் குழாய்க்கு நேர் கீழே பலகையில் உட்கார்ந்து, பெயிண்ட் அடிக்க வந்திருக்கும் ஸ்கூட்டர் மட்கார்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் அக்கா. "மாமா, காத்துக்கு இரும்பு பைப்புதான் போடணும்" என்கிறேன். "இன்னா மச்சான், பைப்புலயே பத்து கிலோ பிரஷர் தாங்கும்னு போட்டுகீது பாரு. நம்ம மிஷின் எட்டுதான்." "அது தண்ணிக்கு மாமா." "ஆமா, தண்ணிய விட காத்துதான் வெயிட்டு!" அக்கா சிரிக்கிறாள். உப்புத்தாளின் உரசல் நிற்கவில்லை. காற்றை அடைத்துவைத்த பிளாஸ்டிக் என்றைக்காவது ஒருநாள் கண்ணாடி போலச் சிதறும் என்று தொழிற்பயிற்சி மாலை வகுப்பு நோட்டில் எழுதியிருக்கிறேன். சரியாகத்தான் எழுதினேனா? கம்ப்ரசரின் அழுத்தமானியில் முள் நான்கைத் தாண்டி ஐந்துக்கு வருகிறது. குழாயிலிருந்து சத்தமே இல்லை, ஒட்டிய பசையின் வாசனை மட்டும் வருகிறது. அக்காவின் நெற்றியில் சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கிறது. எனக்குப் பயம்கூட வரவில்லை. கைகால்கள் வேறு யாருடையவையோ போல் இருக்கின்றன. முள் ஆறைத் தொடும்போது கம்ப்ரசரின் இரைச்சல் சட்டென்று அடங்குகிறது. "இன்னாடா, கரண்ட்டு பூட்ச்சா?" என்று திரும்புகிறார் மாமா. சுவிட்சின் மேல் இருப்பது என் விரல். "நான்தான் நிறுத்தினேன் மாமா. அக்கா, நீ அங்கேருந்து எந்திரி." அக்கா மட்கார்டை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, முதன்முறையாக அண்ணாந்து பார்க்கிறாள்.